தலை குழம்புக்கு, நெட்டி சீனாவுக்கு, முள் பூனைக்கு!

ராமேஸ்வரத்துக்கு வருகிற கூட்டம் அக்னி தீர்த்தத்தில் முங்கி, 22 தீர்த்தத்திலும் நனைந்து, சொட்டச் சொட்டப் பிரகாரம் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடும். நாம் இன்றைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சேலையோ வேட்டியோ, கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டுங்கள். மூக்கை மட்டும் மூடாதீர்கள், மூக்கில்லாமல் இந்தச் சுற்றில் ஒன்றும் புரியாது! இந்தக் கடற்கரையின் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்து, பிடித்த மீனில் எதையெல்லாம் தூக்கி எறிகிறார்கள் என்று துப்பறியப் போகிறோம். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், எறிகிற பொருளைத் தேடித் தேடி அலுத்துப்போவீர்கள்.

முதலில் துறைமுகம். கிழக்கு வெளுக்கும் நேரம், விசைப்படகுகள் கரை திரும்பிக்கொண்டிருக்கின்றன. இங்கே விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல்: திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுடையவை. அதனால் படகு திரும்பும் காலையில் ஊரே ஓட்டத்தில் இருக்கும். ஐஸ் கட்டி நொறுங்கும் சத்தம் ஒரு பக்கம், ஏலக்குரல் ஒரு பக்கம், "வழி, வழி!" என்று தலையில் கூடையோடு ஓடுகிறவர் ஒரு பக்கம். நடுவில் நாம் நின்றால் நம்மையும் கூடையில் போட்டு ஏலம் விட்டுவிடுவார்கள்!

ஏன் இவ்வளவு அவசரம்? வெயில். இந்தச் சூட்டில் ஒரு பகல்கூடத் தாங்காத மீன், பூஜ்ஜியம் டிகிரி ஐஸில் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசத்துக்குள்ளேதான் லாரிகள், தெர்மோகோல் பெட்டிகள், ஐஸ் கம்பெனிகள் எல்லாம் ஓடுகின்றன. லூதியானாவில் இருக்கும் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 2015-ல் நாடு முழுக்கக் கணக்கெடுத்துச் சொன்னது: கடல்மீனில் 10.52 சதவீதம், பிடித்த இடத்துக்கும் விற்கும் இடத்துக்கும் நடுவிலேயே வீணாகிறது. பத்துக் கிலோவில் ஒரு கிலோ! உங்கள் வீட்டுச் சட்டியில் மிஞ்சிய குழம்பெல்லாம் இந்தக் கணக்கில் சேராது, அது தனிக் கதை.

சரி, இப்போது படகுக்குள் எட்டிப் பாருங்கள். வலையின் மடியைக் கொட்டியதும் தளத்தில் ஒரு குவியல் விழும் பாருங்கள், அதுதான் இந்தக் கரையின் அசல் காட்சி. இறால், நண்டு, கணவாய், நகரை, சங்கரா, திருக்கை, வாளை, காரல் என்று கடலே தலைகீழாகக் கவிழ்ந்த மாதிரி ஒரு குவியல். வழியெல்லாம் உட்கார்ந்து பிரித்துக்கொண்டே வருவார்கள். இறால் தனி, நண்டு தனி, கணவாய் தனி. ஏற்றுமதிக்குப் போவது போக, மிச்சம் கரையில் கூறு கூறாகப் பிரியும். பெண்கள் கை அசைகிற வேகத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். கண் பார்ப்பதற்குள் விரல் முடிவு செய்துவிடுகிறது: இது குழம்புக்கு, இது வறுக்க, இது கருவாட்டுக்கு, இது சங்காயம்.

ஆகா, சங்காயம்! வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சரக்கைக் காட்டவே இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன். நசுங்கினது, பொடி, பேர் தெரியாதது, யாரும் விலைக்குக் கேட்காதது எல்லாம் சேர்ந்த குவியல்தான் சங்காயம். சாக்கடைக்குப் போகுமென்று நினைத்தீர்களா? அதற்கும் வியாபாரி இருக்கிறார், அதற்கும் விலை இருக்கிறது. காய்ந்து, அரைபட்டு, மீன்தூளாகிக் கோழித் தீவனத்தில் கலந்துவிடும். காலையில் நீங்கள் போட்ட ஆம்லெட்டுக்குள் பாக் நீரிணையின் ஒரு துளி ஒளிந்திருக்கலாம். சைவமாக முட்டை மட்டும் சாப்பிடுகிறேன் என்கிற நண்பர்களிடம் இதைச் சொல்லி முகத்தைப் பாருங்கள்!

ஆனால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். சங்காயக் குவியலைக் குனிந்து கிளறினால் விரல் நீளத்தில் சங்கரா தெரியும், நகம் அளவில் நண்டு தெரியும். இன்னும் சில மாதம் கடலில் விட்டிருந்தால் அதே சங்கரா ஒரு குடும்பத்துக்குக் குழம்பு. குஞ்சு தப்பட்டும் என்றுதான் இழுவை வலையின் கண்ணுக்கு 40 மில்லிமீட்டர் என்று விதி வைத்திருக்கிறார்கள். விதி தாளில் இருக்கிறது, குஞ்சு குவியலில் இருக்கிறது. எதையும் எறியவில்லை என்பதும் எதையும் வீணாக்கவில்லை என்பதும் ஒன்றல்ல என்று இந்தக் குவியல் முன்னால் நின்றால்தான் உறைக்கிறது. இந்தக் கரையில் எனக்குக் கோபம் வருகிற ஒரே இடம் இது. வாங்க, நகர்வோம்.

போகிற வழியில் ஒரு கண்டுபிடிப்பு! எறிகிற மீன் ஒன்று கிடைத்தேவிட்டது. பலூன் மாதிரி வயிற்றை ஊதிக்கொண்டு கிடக்கிறதே, பேத்தை. உடம்பில் விஷம். மனிதருக்கும் ஆகாது, பூனையும் சீண்டாது. குவியலில் அதை மட்டும் பொறுக்கி ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். துப்பறிந்ததற்கு இந்த ஒரு துரும்பு!

இப்போது பாம்பன் பக்கம், தங்கச்சிமடம், தனுஷ்கோடி போகும் வழியில் மூன்றாம் சத்திரம். மூன்றாம் சத்திரத்தில் கரைவலை இழுப்பதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று, கயிற்றை இடுப்பில் கோத்துப் பின்னால் நடந்து நடந்தே கடலைக் கரைக்கு இழுக்கிறார்கள். வந்து விழுவது சூடை, நெத்திலி, காரல். விற்றது போக மிஞ்சியது அங்கேயே மணலில் வலை விரித்து வெயிலுக்குப் போகிறது.

கருவாடு! மூக்கை மூடாதீர்கள் என்று சொன்னேனே, அது இந்த இடத்துக்காக. உணவை வீணாக்காமல் இருக்க மனிதன் கண்டுபிடித்த யந்திரங்களிலே இதற்கு மின்சாரம் வேண்டாம், கம்பிரஸர் வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெக்கானிக் வர வேண்டாம். உப்பு, வெயில், காற்று. தீர்ந்தது. புது மீனில் முக்கால் பங்கு தண்ணீர்தான். கெடுப்பதற்கு வருகிற நுண்ணுயிருக்குத் தண்ணீர் வேண்டும், அந்தத் தண்ணீரை முதலில் நாமே பிடுங்கிவிட்டால் வந்த விருந்தாளி தாகத்தில் செத்துப்போவான். நெத்திலிக்கு உப்பே இல்லாமல்கூட ஆகும். கடல்நீரில் அலசிக் காலையில் விரித்துவிட்டு, நல்ல வெயிலென்றால் இரண்டாம் நாள் சொளகில் போட்டுப் புடைக்கலாம். நாலு கிலோ நெத்திலி காய்ந்து ஒரு கிலோவுக்குச் சுருங்கி, கையில் எடுத்தால் சலசலக்கும்.

பெரிய மீனுக்குப் பக்குவம் வேறு. முதுகைக் கீறிப் புத்தகம் போல விரித்து, குடலும் செவுளும் எடுத்து, கீறல் கீறலாகப் போட்டு உப்பைத் திணிக்க வேண்டும். மூன்று நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. தொட்டியில் அடுக்கினால் மீன் தன் தண்ணீரைத் தானே கக்கும், அந்த உப்புநீரிலேயே ஊறும். பிறகு அலசி வெயிலில் இரண்டு மூன்று நாள். இதிலும் ஒரு ரகசியச் செய்முறை உண்டு, இந்தக் கரையிலும் தூத்துக்குடிக் கரையிலும்: உப்புப் போட்ட மீனைப் பனையோலைப் பாயில் சுருட்டி மணலில் குழி தோண்டிப் புதைத்துவிடுவது! இரண்டு மூன்று நாள் கழித்துத் தோண்டி எடுத்தால் ஈரம் முழுசாகப் போகாமல், மெத்தென்று, ஒரு மாதிரி போதை ஏற்றும் வாசனையோடு வரும். பிடித்தவர்களுக்குச் சொர்க்கம். பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

உப்பு எங்கிருந்து என்று கேட்கிறீர்களா? அதுவும் இந்த மாவட்டத்துச் சரக்குதான். வாலிநோக்கத்திலும் மாரியூரிலும் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் அளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணைக் கூசவைக்கும். 1974-ல் தொடங்கிய அரசு நிறுவனம் அது. 2022-ல் 'நெய்தல்' என்று பெயர் வைத்துப் பாக்கெட் உப்பும் போட்டார்கள். மீனும் இங்கே, உப்பும் இங்கே, வெயிலோ கேட்கவே வேண்டாம். கருவாட்டுக்கென்றே கடவுள் வரைந்த வரைபடம்!

இந்த உப்பில் ஒரு பழைய வயிற்றெரிச்சல் உண்டு, சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. சென்னை மாகாணத்தில் 1805-லேயே கிழக்கிந்தியக் கும்பெனிக்காரர்கள் உப்பைத் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டார்கள். உப்பு விலை ஏறியது. கடலோரத்தில் உட்கார்ந்திருக்கிற மீனவனுக்குக் காலடியில் பூத்துக் கிடக்கிற உப்பை அள்ளினால் குற்றம்! வேறு வழியில்லாமல் உவர்மண்ணை அள்ளி மீனில் பூசினார்கள், பாதி மீன் புழுத்துப்போனது. பிரான்சிஸ் டே என்ற மீன் நிபுணர் ஊர் ஊராக விசாரித்து 1873-ல் கொடுத்த அறிக்கையில் இந்த உப்பு வரியின் கொடுமை வெளிச்சத்துக்கு வந்தது. அதன் பிறகுதான் கடலோரத்தில் அரசு கருவாட்டுக் கொட்டகைகள் வந்தன. வேலிக்குள்ளே காவலோடு வரியில்லா உப்பு தருவார்கள், மீனை அங்கேயே கொண்டுபோய் உப்புப் போட வேண்டும், உப்பை மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது. சோம்பல் மட்டுமா சோற்றை வீணாக்கும், ஒரு வரியும் வீணாக்கும்!

வாடைக் காலத்தில் இந்தக் கருவாட்டுக் களத்துக்கு வந்தீர்களானால் வேறு நாடகம். மானத்தில் ஒரு கருப்புத் திட்டு தெரிந்தால் போதும், காயப்போட்ட பெண்கள் தார்ப்பாயோடு பறப்பார்கள். ஒரு மழை நனைந்தால் இரண்டு நாள் உழைப்பும் மீனும் சேர்ந்து போச்சு. மணல் ஒட்டாமல் இருக்கப் பரண் கட்டி வலைமேல் காயவைக்கிறவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் சூரிய உலர்த்திகள் வடிவமைத்துத் தருகிறது. மழைக்கும் ஈக்கும் சேர்த்து ஒரே பதில். ஆனாலும் மணலில் காய்ந்ததுதான் ருசி என்று சாதிக்கிற கிழவிகளை எதிர்த்து எந்த விஞ்ஞானியும் ஜெயித்ததில்லை.

விஞ்ஞானி என்றதும் ஞாபகம் வருகிறது. 1947 பிப்ரவரியில் பிறந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1971 வரை தலைமையிடம் வைத்திருந்தது நம்ம மண்டபம் முகாமில்தான். இன்றைக்கும் அங்கே அதன் மையம் இருக்கிறது. இந்தியக் கடல்மீன் படிப்பின் அரிச்சுவடி எழுதின ஊர், சும்மா இல்லை!

இனி உறுப்பு உறுப்பாகப் பார்ப்போம், பெல்ட்டை இறுக்கிக்கொள்ளுங்கள். தலை: குழம்புக்கு. அதிலும் பெரிய மீன் தலை என்றால் வீட்டுக்குள் வாரிசுச் சண்டை. சினை: தனியாக மசாலா தடவி வறுவல், குழந்தைகளுக்கு. பால்சுறா: பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு போட்டுப் புட்டு. கணவாயின் முதுகில் இருக்கும் வெள்ளை ஓடு: சித்த மருந்துக் கடையில் அதற்குக் 'கடல்நுரை' என்று பட்டப்பெயர். கிளிக்கூண்டில் கிளி கொத்துவதற்கும் அதுதான், பொற்கொல்லர் அதில் அச்சுக் குடைந்து உருக்கிய பொன்னை வார்ப்பதும் உண்டு. இறால் தலையும் நண்டு ஓடும்: கைட்டின் எடுக்க. அதிலிருந்து வரும் கைட்டோசான் மருந்து வரைக்கும் போகிறது.

எல்லாவற்றுக்கும் ராஜா நெட்டி. மீன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பை. கூறல் மீனின் நெட்டிக்கு மீனைவிட மதிப்பு! பாம்பனில் யாருடைய வலையிலாவது பெரிய கூறல் விழுந்தால் மறுநாள் பேப்பரில் படம் வரும், புதுமாப்பிள்ளை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். காயவைத்த நெட்டி கப்பலேறி ஹாங்காங், சிங்கப்பூர், சீனச் சூப்புச் சட்டிகளுக்குப் போகிறது. ஐரோப்பாவில் பியரையும் ஒயினையும் தெளியவைப்பதற்கும் மீன் நெட்டியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நாம் குடல் என்று தள்ளுகிற இடத்தில் இவ்வளவு பெரிய உலக வணிகம்!

மூச்சு வாங்குகிறதா? வாங்க, ஒரு வீட்டுக்குள் போய் உட்காருவோம். முன்வாசல் வேண்டாம், கொல்லைப்பக்கமாகவே போகலாம், அங்கேதான் அரிவாள்மனை இருக்கிறது. மீன் ஆய்கிற இடத்தில் வரிசை ஏற்கெனவே கூடிவிட்டது: இரண்டு பூனை, ஒரு கோழி, ஓட்டின்மேல் ஏழெட்டுக் காக்கை. செதிளும் குடலும் அவர்களுக்குப் போக மிஞ்சினால் முருங்கை மூட்டில் புதையல். மீன் கழுவின தண்ணீர் தென்னைக்கு. இப்போது தோட்டம் வைத்திருப்பவர்கள் மீன் கடைக்கே வந்து, "யக்கா, குடல எறிஞ்சிராதீக, எனக்கு வேணும்" என்று சட்டியை நீட்டுகிறார்கள். மீன் கழிவும் நாட்டு வெல்லமும் சம எடை, மூடிபோட்டு நிழலில் 21 முதல் 40 நாள். மீன் அமிலம் ரெடி. ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்து மில்லி கலந்து தெளித்தால் மிளகாய்ச் செடி துள்ளும். பழவாசனை வந்தால் சரியாக வந்திருக்கிறது, நாற்றம் வந்தால் வெல்லம் பத்தவில்லை.

சோற்றுப் பானையைத் திறந்து பாருங்கள், அங்கேயும் அதே கதைதான். அரிசி களைந்த கழுநீர் ஆட்டுக்கு. வடிகஞ்சியில் உப்புப் போட்டு ஒரு டம்ளர் வீட்டுக்காரருக்கு. ராத்திரி மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலையில் பழையது, தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு. முந்தாநாள் மீன்குழம்பு சுண்டச் சுண்ட மண்சட்டியின் அடியில் ஒட்டியிருக்கிறதே, அதில் சோற்றைப் போட்டுப் புரட்டி உருண்டை பிடித்துக் கொடுத்தால் புதுக் குழம்பை யார் கேட்பார்கள்? பழையதுக்கும் ஆளில்லாத நாளில் அந்தச் சோற்றையே அரைத்து, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம ராமநாதபுரம் குண்டு மிளகாயும் உப்பும் சேர்த்து வெயிலில் கிள்ளி வைத்தால் வத்தல். குண்டு மிளகாய் உருண்டையாய் உருட்டி விழிக்கும், காரம் மெதுவாக வந்து உட்காரும்.

இந்த வீட்டில் புதிதாக வந்த ஆள் ஃப்ரிட்ஜ். அதைப் பற்றி எனக்கு ஒரு புகார் உண்டு. மண்சட்டி காலத்தில் மிஞ்சினது கண்முன்னால் இருக்கும், ராத்திரிக்குள் ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும். ஃப்ரிட்ஜ் என்ன செய்கிறது? முடிவை ஒத்திப்போடுகிறது. மூன்றாவது தட்டில் பின்னால் ஒளிந்திருக்கும் கிண்ணத்தை ஒரு வாரம் கழித்துத் திறந்து, மூக்கைச் சுளித்து, குற்ற உணர்ச்சியே இல்லாமல் கொட்டுகிறோம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-ல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் ஓட்டலோ கல்யாணமோ இல்லை, வீடுகளில். இந்திய வீடுகளில் ஆளுக்கு வருஷத்துக்கு 55 கிலோ. 55 கிலோவை நெத்திலிக் கருவாட்டு விலைக்கு மாற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேண்டாம், உங்களுக்கும் வயிறு எரியும்.

கடைசி நிறுத்தம் கீழக்கரை. கல்யாண வீடு! பாய் விரித்து, நடுவில் ஒரு பெரிய சஹன் தட்டு வைத்து, சுற்றி நாலு பேர் உட்காருகிறார்கள். இலைச் சாப்பாட்டில் என் இலையில் நான் எதை ஒதுக்கினாலும் கேட்க ஆளில்லை. சஹனில் அந்தப் பாச்சா பலிக்காது! நீங்கள் ஒதுக்கினதை எதிரே இருக்கிற மச்சான் பார்த்துக்கொண்டிருக்கிறார், கறித்துண்டைத் தள்ளினால் அடுத்தவர் கை நீள்கிறது, ஒருத்தருக்குப் போதும் என்றால் இன்னொருத்தர் முடிக்கிறார். நெய்ச்சோற்றுக்குத் துணை தாளிச்சா. அதில்தான் சமையல்காரரின் தந்திரம் முழுக்க இருக்கிறது: கறி ஆய்ந்த எலும்பெல்லாம் பருப்போடும் கத்திரிக்காயோடும் சேர்ந்து கொதித்து, கறியைவிடத் தாளிச்சாவுக்குத்தான் இரண்டாம் தடவை ஆள் கேட்பார்கள். பிறகு வருகிற தொதல், தேங்காய்ப்பாலில் கிண்டின அந்தக் கறுப்புப் பளபளப்பு, மிஞ்சுவதாவது! அதைப் பொட்டலம் கட்டிக் கேட்காத விருந்தாளியை நான் பார்த்ததில்லை.

இனி ஊர் திரும்புகிறவர்களுக்கு உள்ளூர்க்காரர் மட்டும் அறிந்த குறிப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது கருவாட்டுக்குக் கிராக்கி, விலையும் ஏறிக் குந்தும். படகு திரும்பக் கடலுக்குப் போய், மீன் குவிந்து, களம் நிறைந்த பிறகு வாங்குங்கள். வாங்கும்போது விரலால் அழுத்துங்கள், பள்ளம் விழுந்தால் ஈரம் போகவில்லை. உடைத்து மோந்து பாருங்கள், நெடி கண்ணைக் கரித்தால் வையுங்கள் அப்படியே. உள்ளங்கையில் தட்டுங்கள், மணல் உதிர்ந்தால் விலை பேசுங்கள். வீட்டுக்குப் போனதும் இன்னொரு வெயில் காட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் மூன்று பை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அப்படியும் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். பயப்படாதீர்கள், பத்துக்கு ஆறு பேர் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்றுதான் கேட்பார்கள்!